தொப்பூர் இறக்கத்தைப் பிடித்தவை

என் பட்டறை அலமாரியில் மூன்று பொருள்களைத் தனியாக எடுத்துவைத்திருக்கிறேன். வேலமரத்தில் செதுக்கிய ஒரு ஆப்புக்கட்டை. வெந்து விரிசல் விட்ட ஒரு பிரேக் லைனர். உள்ளே தண்ணீர் இறங்கிப் பச்சை பூத்துப்போன ஒரு ஏபிஎஸ் பெட்டி. கட்டை அப்பாவுடையது. லைனர் நான் தொழில் பழகிய காலத்தில் முதன்முதலாகக் கழற்றியது. பெட்டி, போன ஆனி மாதம் ஒரு ட்ரெய்லரிலிருந்து எடுத்தது. தொப்பூர் கணவாயில் வண்டிகளை எதெது பிடித்து இறக்கியது என்ற கதை இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். இவற்றுக்கெல்லாம் மூத்தது ஒன்று உண்டு. அதை அலமாரியில் வைக்க முடியாது. அது மாட்டின் கழுத்து.

தருமபுரி மேட்டுநிலம். சேலத்தைவிட ஏறத்தாழ 200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மைசூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே சமவெளிக்கு இறங்க வேண்டியவர்களுக்குத் தொப்பூர் கணவாய்தான் வாசல். அதியமான் ஆண்ட தகடூர் இந்த மேட்டில்தான் இருந்தது. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்புவிடமிருந்து இந்தப் பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்குப் போனது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் இங்கே வரி வசூலிக்க வந்தார்கள். ஆட்சி யார் கையில் இருந்தாலும் புளியும் தானியமும் மாட்டுவண்டியில்தான் இறங்கின.

மேடு ஏறும்போது மாடு தோளால் இழுக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். இறங்கும்போது அது என்ன செய்கிறது என்பதை வண்டியோட்டியவர்கள்தான் அறிவார்கள். பாரம் முன்னால் தள்ளும். நுகத்தடி நழுவிக் கழுத்துப் பக்கம் வரும். மாடு தலையை உயர்த்தி, பின்னங்காலை ஊன்றி, அந்தப் பாரத்தைத் தன் உடம்பில் வாங்கி நிற்கும். சக்கரத்தில் கட்டையை வைத்துக் கயிற்றால் இறுக்குவார்கள்; அது துணைக்குத்தான். இழுக்கிற உயிரே பிடிக்கவும் செய்தது. மாடு எந்த நடையில் ஏறியதோ அதே நடையில்தான் இறங்கவும் வேண்டும் என்பது தாத்தா சொன்ன கணக்கு. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதும் அந்தக் கணக்கைத்தான்.

மாட்டுவண்டிக்கும் லாரிக்கும் நடுவே ஒரு ரயில் வந்துபோனது. 1906-இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குக் குறுகிய தண்டவாளம் போட்டார்கள். 1913-இல் அது ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப் போர் நடந்த 1941-இல் அந்தப் பாதையை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு சேலம்–பெங்களூர் ரயில் 1960-களின் கடைசியில் வரும்வரை தருமபுரி ஊருக்கு ரயிலே கிடையாது. அந்த இருபத்தைந்து வருடத்துக்கு மேற்பட்ட இடைவெளியில் சரக்கெல்லாம் சாலைக்கு வந்தது. எங்கள் ஊர்ப் பையன்கள் கிளீனராக ஏறி டிரைவராக இறங்கிய காலம் அதுதான். சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் லாரித் தொழில் வேர்விட, வடக்கே போகும் வண்டியெல்லாம் எங்கள் கணவாயில் ஏறி இறங்கியது.

அப்பா கிளீனராகச் சேர்ந்தது தருமபுரி தனி மாவட்டமான 1965-இல். அன்றைய லாரிகளில் எண்ணெய் பிரேக். மிதித்தால் குழாயில் எண்ணெய் அழுந்தி, சக்கரத்துக்குள் இருக்கும் ஷூவை விரித்து டிரம்மோடு உரசவைக்கும். குழாயில் ஒரு இடம் கசிந்தால் மிதிகட்டை தரையில் போய் உட்காரும். அதனால்தான் இந்த வேலமரக் கட்டை. கணவாய் வந்ததும் அப்பா கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு இடதுபக்கப் படியில் நிற்பாராம். டிரைவர் “கட்டை!” என்று கத்தினால் குதித்து ஓடிப்போய்ப் பின்சக்கரத்துக்கு முன்னால் வைக்க வேண்டும். கை நசுங்கிய கிளீனர்கள் உண்டு. அப்பாவின் வலது சுண்டுவிரல் மடங்காது. ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை; எங்களுக்கே தெரியும்.

அடுத்த மாற்றம் காற்றால் வந்தது. 1869-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் ரயிலுக்குக் காற்று பிரேக் செய்தார். அவருடைய முதல் அமைப்பில் காற்றை அனுப்பினால் பிரேக் பிடிக்கும். குழாய் அறுந்தால் பிடிக்காது. சில ஆண்டுகளில் அதை அவரே தலைகீழாக மாற்றினார். காற்று இருக்கும்வரை பிரேக் விலகி நிற்கும், காற்று போனால் தானாகப் பிடித்துக்கொள்ளும். பழுதானால் ஓடக்கூடாது, நிற்க வேண்டும். என் தொழிலில் இதைவிடப் பெரிய சிந்தனையை நான் பார்த்ததில்லை. இன்றைய லாரியின் பின்சக்கரப் பூஸ்டருக்குள் இருக்கும் கனத்த ஸ்பிரிங் இதே வேலையைத்தான் செய்கிறது. டேங்கில் காற்று இருந்தால் அடங்கிக் கிடக்கும், காற்று இறங்கினால் விரிந்து சக்கரத்தைக் கட்டிப்போடும்.

தமிழ்நாட்டில் இந்தக் காற்று பிரேக்கின் தாய்வீடு சென்னைப் பாடி. 1962-இல் இங்கிலாந்தின் கிளேட்டன் டிவாண்டர் நிறுவனத்தோடு சேர்ந்து டிவிஎஸ் குழுமம் சுந்தரம் கிளேட்டனைத் தொடங்கியது. 1980-இல் அசோக் லேலண்ட் ஓசூரில் ஆலை திறந்தபோது ஓசூர் எங்கள் மாவட்டத்தில் இருந்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது 2004-இல்தான். ஆக, லாரி எங்கள் மண்ணிலேயே பிறந்து, எங்கள் கணவாயிலேயே இறங்கியது.

காற்று பிரேக் வந்தபின் கட்டைக்கு வேலை குறைந்தது. விபத்து குறையவில்லை. அதற்குக் காரணம் சூடு. 40 டன் எடையுள்ள வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால் அந்தப் பாரம் வெளியிடும் ஆற்றல், சுமார் 130 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். இன்ஜினும் கியரும் அதில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ள வேண்டும். நியூட்ரலில் விட்டால் அத்தனையும் டிரம்மிலும் லைனரிலும் போய் விழும். சூடேறிய டிரம் விரிந்து ஷூவைவிட்டு விலகும். லைனர் வெந்து வழுக்கும். பூஸ்டரின் தண்டு தன் முழு நீளத்துக்கும் வெளியே வந்தபிறகும் ஷூ சரியாக அழுந்தாது. டேங்கில் காற்று நிறைய இருக்கும், குழாயில் கசிவு இருக்காது, முள் சரியாகக் காட்டும். வண்டி மட்டும் நிற்காது. என் அலமாரியில் உள்ள லைனர் அப்படி வெந்தது. அதிலிருந்து வந்த தீய்ந்த வாடை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

நான்கு வழிச்சாலை வந்தபின் வேகம் கூடியது. 2018-இல் மத்திய அரசு அச்சு எடை வரம்பை உயர்த்தியபோது பெரிய ட்ரெய்லர்களின் உச்ச எடை 49 டன்னிலிருந்து 55 டன் ஆனது. கணவாயின் சரிவு மட்டும் அதேதான். கட்டமேடு, இரட்டைப் பாலம், ஆஞ்சநேயர் கோயில் என்ற பெயர்கள் செய்தித்தாளில் வந்தால் எங்கள் வயிறு கலங்கும். 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதி உயிர்கள் போயின. இப்போது 6.6 கிலோமீட்டருக்கு உயர்மட்டச் சாலைத் திட்டம் வந்திருக்கிறது. அது சீக்கிரம் முடிய வேண்டும் என்பதுதான் இந்தச் சாலையோரத்தில் பிழைக்கிற எல்லாருடைய வேண்டுதலும்.

இனி அந்த ஏபிஎஸ் பெட்டி. 2015-இலிருந்து புதிய கனரக வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். ஒவ்வொரு சக்கரமும் எந்த வேகத்தில் சுற்றுகிறது என்று சென்சார் சொல்லும். ஏதாவது ஒரு சக்கரம் இறுகிச் சறுக்கப் பார்த்தால் பெட்டி அந்தச் சக்கரத்தின் காற்றை நொடிக்குப் பல முறை விட்டுவிட்டுத் தரும். ட்ரெய்லருக்கு இது உயிர்நாடி. பின்சக்கரங்கள் இறுகினால் ட்ரெய்லர் பக்கவாட்டில் வீசும். முன்சக்கரம் இறுகினால் வண்டி திருப்பத்துக்கு வளையாது.

ஆனியில் வந்த ட்ரெய்லர் கிரானைட் கல் ஏற்றியது. டிரைவர் சங்ககிரிப் பக்கத்துப் பையன். ஏபிஎஸ் விளக்கு பத்து நாளாக எரிகிறதாம். வேறொரு இடத்தில் இரண்டு சென்சாரை மாற்றிக் காசு வாங்கியிருக்கிறார்கள், விளக்கு அணையவில்லை. முதலில் முன்வண்டிக்கும் ட்ரெய்லருக்கும் நடுவே இருக்கும் கேபிளைப் பார்த்தேன். பிளக்கில் 24 வோல்ட் சரியாக வந்தது. சென்சார்களை மீட்டரில் அளந்தேன். எல்லாம் ஆயிரத்துக்கும் இரண்டாயிரத்துக்கும் நடுவே ஓம் காட்டின. பிறகுதான் பெட்டியைக் கழற்றினேன். ரப்பர் வாசர் கிழிந்து, மழைத்தண்ணீர் உள்ளே போய், பின்களெல்லாம் பச்சை பிடித்திருந்தன. சாவியை அணைத்து, டேங்கின் காற்றை இறக்கி, குழாய்களுக்கு அடையாளச் சீட்டு கட்டி, புதுப் பெட்டியைப் பொருத்தினேன். சாவி போட்டதும் வால்வுகள் ஒவ்வொன்றாக “டக், டக்” என்று பேசின. அந்தச் சத்தம் சரியான வரிசையில் வந்தால்தான் குழாய் மாறவில்லை என்று அர்த்தம்.

பையன் கேட்டான்: “அண்ணா, பொட்டிய மாத்தியாச்சுங்களே, இனி இறக்கத்துல பயமில்லாம விடலாமுங்களா?”

“தம்பி, இந்தப் பொட்டி சக்கரம் சறுக்காம பாத்துக்கும். சூட்டைப் பாத்துக்காது” என்றேன்.

அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் துக்கமாக இருந்தது. நல்ல பையன், வண்டியைச் சுத்தமாக வைத்திருக்கிறான். ஆனால் அவன் பக்கத்தில் கிளீனர் இல்லை. கிளீனராக ஐந்து வருடம் இருந்து, கட்டையோடு குதித்து, டிரைவரிடம் திட்டு வாங்கி, எந்த மேட்டில் எந்தக் கியர் என்று உடம்பால் படித்த காலம் போய்விட்டது. மாட்டின் கழுத்து அறிந்ததை டிரைவரின் கால் அறிந்தது. கால் அறிந்ததைக் காற்றிடமும் பெட்டியிடமும் கொடுத்தோம். வண்டியைப் பிடிக்கும் வேலையைத்தான் அவற்றால் வாங்கிக்கொள்ள முடிந்தது. இறக்கத்தை அறிகிற வேலை யார் கைக்கும் போகாமல் நடுவழியில் நிற்கிறது. சொட்டு டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறவனுக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை.

வண்டி நகர்ந்தால்தான் விளக்கு அணையும் என்பதால் நானும் ஏறிக்கொண்டேன். பாளையம் சுங்கச்சாவடி தாண்டுவதற்குள் அணைந்துவிட்டது. அங்கேயே இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. சரிவு தொடங்குமுன் ஓரங்கட்டச் சொன்னேன். “ஏறுறப்ப எந்தக் கியர்ல வந்தீங்க தம்பி?” என்று கேட்டேன். “மூணுலங்கண்ணா.” “அதுலயே எறங்குங்க. பிரேக்கை மிதிச்சுப் புடிச்சுட்டே இருக்காதீங்க. எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போடுங்க, தேவைப்பட்டா ஒரு மிதி மிதிச்சு விட்டுருங்க.”

இன்ஜின் முழு இறக்கமும் முக்கியது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். அடித்துக்கொள்ளட்டும். அப்பா சொல்வார், கணவாயில் முக்கிக்கொண்டு வரும் லாரிக்கு வழிவிட்டு நிற்கலாம். சத்தமே இல்லாமல் வருகிற லாரியைக் கண்டால் ஓடிவிட வேண்டும் என்று.

தொப்பூரில் ஓரங்கட்டியதும் இறங்கிப்போய், ட்ரெய்லரின் ஒவ்வொரு டிரம் மேலும் பாட்டிலிலிருந்து நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்தேன். எந்தச் சக்கரத்திலும் அது சீறவில்லை. மெதுவாக வழிந்து மண்ணில் விழுந்தது. பையனைக் கூப்பிட்டு அதைப் பார்க்கச் சொன்னேன்.

கடைசிச் சக்கரத்துக்கு அவனே பாட்டிலை வாங்கித் தெளித்தான்.