சீலியாக் நோயும் டி செல்களும்

கோதுமை, பார்லி, ரை தானியங்களிலுள்ள குளுட்டன் புரதம் ஒவ்வாமல் சிறுகுடலின் குடலுறிஞ்சிகள் சிதையும் நோய் சீலியாக். புரதத்துண்டு ஒன்று வேதிமாற்றம் அடைந்தால் நோயெதிர்ப்பு அணுக்களான டி செல்கள் அதை எப்படி இனங்காண்கின்றன என்பது மிகத் தெளிவாகத் துலங்கியது இந்த நோயில்தான்.

கோதுமையின் மீது முதலில் ஐயம் கொண்டவர் டச்சுக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. 1944–45 பஞ்சக் குளிர்காலத்தில் ரொட்டி கிடைக்காமல் போக, ஊரே பட்டினியில் வாடியபோது சீலியாக் குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி வந்ததும் மறுபடி படுத்தார்கள். 1950இல் தம் ஆய்வேட்டில் டிக்கே இதை நிறுவினார்.

நோயாளிகளில் ஏறக்குறைய 90 விழுக்காட்டினர் எச்எல்ஏ-டிகியூ2 என்ற மரபுவகையினர். செல்லின் மேற்பரப்பில் புரதத்துண்டை ஏந்தி டி செல்லுக்குக் காட்டும் மூலக்கூறு இது. 1993இல் ஆஸ்லோ ஆய்வாளர்கள் நோயாளிகளின் குடல் திசுவிலிருந்தே குளுட்டனை இனங்காணும் டி செல்களைப் பிரித்தெடுத்தனர். ஆனால் ஒரு முரண் எஞ்சியது. டிகியூ2 எதிர்மின்னூட்டமுள்ள துண்டுகளையே விரும்பிப் பற்றும். குளுட்டனிலோ அத்தகைய அமினோ அமிலங்கள் மிகக் குறைவு.

விடை எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. நோயாளிகளின் எதிர்ப்பொருள்கள் குறிவைப்பது திசு டிரான்ஸ்குளுட்டமினேஸ் என்னும் நம் உடலின் நொதியை என்று 1997இல் பெர்லினில் கண்டுபிடித்தார்கள். இந்த நொதி குளுட்டனிலுள்ள குளுட்டமினைக் குளுட்டமிக் அமிலமாக மாற்றிவிடுகிறது என்று மறு ஆண்டே நார்வே, நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினர். மாறுவது ஓர் அமைடு தொகுதி மட்டுமே. அது கார்பாக்சிலாகி எதிர்மின்னூட்டம் பெற்றதும் துண்டு டிகியூ2-இன் பள்ளத்தில் இறுகப் பொருந்துகிறது. டி செல்கள் பன்மடங்கு வேகத்தில் கிளர்கின்றன. இந்த வரலாற்றின் திருப்புமுனை 1998ஆம் ஆண்டுதான் என்று தயங்காமல் சொல்லலாம். தீங்கு கோதுமையில் முழுமையாக இல்லை. அதை முடித்துவைப்பது நம் நொதி. 2004இல் வெளியான படிக அமைப்பு இந்தப் பொருத்தத்தை அணு அளவில் காட்டியது.

முடக்குவாதத்திலும் இதே போக்கு உண்டு. அங்கே ஆர்ஜினின் தன் நேர்மின்னூட்டத்தை இழந்து சிட்ருலினாக மாற, வேறொரு எச்எல்ஏ மூலக்கூறு அதை ஏந்துகிறது.

சீலியாக்குக்கு வாழ்நாள் முழுதும் குளுட்டனைத் தவிர்ப்பதே மருந்து. ஐயம் இருந்தால் பரிசோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் எதிர்ப்பொருள்கள் குறைந்து, நோய் இருந்தும் இல்லையென்றே முடிவு வரக்கூடும்.