நாட்றம்பள்ளிக் கல்

நாட்றம்பள்ளிக் கல் என்பது 2016 பிப்ரவரி 6 அன்று, அப்போதைய வேலூர் மாவட்டம் (இன்றைய திருப்பத்தூர் மாவட்டம்) நாட்றம்பள்ளி அருகே தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றின் வளாகத்தில் நிகழ்ந்த வெடிப்பை அடுத்து அங்கே எடுக்கப்பட்ட சிறு கல்லாகும். வெடிப்பில் கல்லூரிப் பேருந்து ஓட்டுநர் ஒருவர் இறந்தார், மூவர் காயமுற்றனர், தரையில் குழி விழுந்தது. மறுநாளே முதலமைச்சர் ஜெயலலிதா, விபத்துக்குக் காரணம் விண்கல் என அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 1 லட்சம் ரூபாய் நிதியுதவி வழங்க உத்தரவிட்டார். கல் ஆய்வுக்கூடத்தை எட்டும் முன்பே அதற்குப் பெயர் சூட்டப்பட்டுவிட்டது.

அது உண்மையாயின், விண்கல் தாக்கி மனிதர் இறந்ததாக அறிவியல் உறுதிசெய்த முதல் நிகழ்வாக இருந்திருக்கும். 1954இல் அமெரிக்காவின் அலபாமாவில் கூரையைத் துளைத்து வந்த விண்கல் ஒரு பெண்ணைக் காயப்படுத்தியது, அவர் பிழைத்தார். நாட்றம்பள்ளிப் படங்களைப் பார்த்த நாசா அறிவியலாளர்கள், அவை தரையில் நிகழ்ந்த வெடிப்பையே காட்டுவதாகக் கருதினர். காரணம் எளியது. சிறு விண்கல்லின் வேகத்தைக் காற்றுமண்டலமே உறிஞ்சிவிடும். கடைசியில் அது உயரத்திலிருந்து போட்ட கல்லைப் போலத்தான் விழும், வெடிக்காது. மறுபுறம், நுண்ணோக்கியில் பார்த்த சிலர் கார்பன் மிகுந்த விண்கல்லின் அறிகுறி தெரிவதாகக் கூறினர்.

விண்கல்லை அதன் உடலே அடையாளம் காட்ட வேண்டும். புதிதாக விழுந்ததில் மெல்லிய கருகிய மேலோடு இருக்கும். மாவில் விரல் பதித்தாற்போன்ற குழிவுகளும் சிலவற்றில் தெரியும். கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய கனம். பெரும்பாலானவை காந்தத்தை இழுக்கும். ஆனால் காந்தத்தை மட்டும் நம்புவது தமிழ்நாட்டில் ஆபத்து: சேலம் கஞ்சமலையின் காந்தக்கல்லும் இழுக்கும், பழைய இரும்பு உலைக் கசடும் இழுக்கலாம். கசட்டில் காற்றுக் குமிழித் துளைகள் மலிந்திருக்கும். விண்கல்லில் அவை அரிது. முடிவாகச் சொல்ல, கல்லை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும்: நிக்கல் கலந்த இரும்புத் துகள்களும், காண்டிரூல் எனப்படும் சிற்றுருண்டைகளும் உள்ளனவா என்று. இந்தியாவில் விண்கற்களைச் சேகரித்துப் பாதுகாக்கும் பொறுப்பு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கு உரியது.

இந்தச் சோதனைகளைத் தாண்டிய கல்லும் தமிழ் மண்ணில் விழுந்ததுண்டு. 1857 பிப்ரவரி 28 அன்று அன்றைய மதுரை மாவட்டத்தில் விழுந்த பர்னலீ விண்கல்லின் மொத்த எடை ஏறத்தாழ 77 கிலோ. அதன் பெரும்பகுதி இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. சுமார் 450 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவான காண்டிரூல்கள் அதிகம் சிதையாமல் அதில் இருப்பதால், ஆய்வாளர்கள் இன்னும் அதைத் தேடிச் செல்கிறார்கள்.

உலகின் ஏற்கப்பட்ட விண்கற்களைப் பன்னாட்டு விண்கல் சங்கம் பட்டியலிட்டு வருகிறது. அதில் பர்னலீ உண்டு, நாட்றம்பள்ளி இல்லை.