இருபது சீட்டு எங்கே?

ரம்மி வெறும் சூதாட்டம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1967 நவம்பரில். 1963 மே மாதம் செகந்திராபாத்தில் கிரசண்ட் ரிக்ரியேஷன் கிளப் என்ற இடத்தில் போலீஸ் புகுந்து, காசு வைத்து ரம்மி ஆடிக்கொண்டிருந்தவர்களைப் பிடித்தது. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தண்டனை, ஐகோர்ட்டில் விடுதலை. சர்க்கார் விடாமல் டில்லிக்குப் போனது. அங்கே தீர்ப்பு எழுதிய நீதிபதி ஹிதயத்துல்லா சொன்ன காரணம் எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். விழுகிற சீட்டையெல்லாம் ஞாபகத்தில் வைக்க வேண்டும். எதைக் கையில் வைப்பது, எதைக் கீழே போடுவது என்று யோசித்துத்தான் ரம்மி சேர்க்க முடியும். எனவே இது மூணு சீட்டு மாதிரி முழுக்க அதிர்ஷ்டம் அல்ல என்றார். கூடவே, ஆட்டத்தை வைத்துக் கிளப்காரர் லாபம் பார்த்தால் அது வேறு கணக்கு என்று ஒரு கொக்கியும் போட்டுவைத்தார்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்ந்தவன். வீடு ராஜபாளையம். சீட்டாட்ட வழக்குகள் எங்கள் ஆபீசுக்கு அடிக்கடி வரும். தோப்பு, பம்ப்செட் ரூம், கல்யாண மண்டபத்து மாடி என்று இடம்தான் மாறும். 1930ஆம் வருஷத்துச் சூதாட்டச் சட்டம், கைப்பற்றிய பணம், ஒரு ஜமுக்காளம், சீட்டுக்கட்டு. கேஸ் கட்டு எல்லாம் ஒரே அச்சு. ஒரு வழக்கில் மட்டும் மகஜரில் ‘சீட்டுகள் 32’ என்று இருந்தது. எழுதிய ஏட்டுக்கே அது உறுத்தியிருக்க வேண்டும். “மீதி இருபது சீட்டு எங்கய்யா? ஓடும்போது தூக்கிப் போட்டுட்டானுங்களா?” என்று எங்கள் கட்சிக்காரரையே கேட்டாராம். கட்சிக்காரர் பதில் சொல்லவில்லை. சொன்னாலும் எடுபட்டிருக்காது. அந்த ஆட்டத்துக்கு 32 சீட்டுதான். அது ரம்மி இல்லை, இருபத்தெட்டு.

இருபத்தெட்டு தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இரண்டிலிருந்து ஆறு வரைக்கும் உள்ள குட்டிச் சீட்டுகளை ஒதுக்கிவிட வேண்டும். மிச்சத்தில் பெரியது ஆசு என்று நினைத்தால் தொலைந்தோம். இங்கே ஜாக்கிதான் தலை, அவனுக்கு மூணு புள்ளி. அடுத்தது ஒன்பது, ரெண்டு புள்ளி. அதற்கப்புறம்தான் ஆசும் பத்தும், ஆளுக்கு ஒரு புள்ளி. ராஜா, ராணி, எட்டு, ஏழு எதற்கும் புள்ளியே கிடையாது. ஒரு சாதிக்கு ஏழு, நாலு சாதிக்கு இருபத்தெட்டு. நாலு பேர், எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் ஒரு கட்சி. முதலில் நாலு நாலு சீட்டு. அதைப் பார்த்தே ‘இத்தனை எடுப்பேன்’ என்று கேட்க வேண்டும். அதிகம் கேட்டவன் துருப்பைக் கவிழ்த்து வைப்பான். பிறகு இன்னும் நாலு நாலு.

இலங்கைத் தமிழர் ஆடுகிற முந்நூற்றிநாலும் இதே வரிசைதான், புள்ளிதான் பெரிசு. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஒரு சாதிக்கு 76. நாலால் பெருக்கினால் 304. ஜாக்கியையும் ஒன்பதையும் ஆசுக்கு மேலே தூக்கி உட்கார வைக்கிற இந்த வினோதம் நம் ஊரில் முளைத்ததல்ல. ஹாலந்திலும் சுவிட்சர்லாந்திலும் இதே குடும்பத்து ஆட்டங்கள் இன்றும் நடக்கின்றன. அங்கே துருப்புச் சாதியில் மட்டும் ஜாக்கி, ஒன்பது என்ற வரிசை. டச்சுக்காரர் தூத்துக்குடியையும் யாழ்ப்பாணத்தையும் 1658இல் பிடித்தார்கள், கொச்சியை 1663இல். அவர்கள் வழியாகத்தான் இது இறங்கியது என்பது ஆட்ட வரலாறு எழுதுகிறவர்களின் கணிப்பு. இன்றைக்கும் இந்த ஆட்டம் பலமாக இருக்கிற இடங்கள் இலங்கையும் கேரளமும்தான் என்பதைப் பார்த்தால் அதில் பிழை சொல்லத் தோன்றவில்லை.

ராஜபாளையத்துக்கு எந்தப் பக்கமிருந்து வந்திருக்கும்? மலைக்கு அந்தப் பக்கமிருந்து என்பது என் கட்சி. செங்கோட்டை வழியாகக் கொல்லத்துக்கு மலையைக் குடைந்து ரயில் விட்டது 1904இல். விருதுநகரிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத் தென்காசிக்குத் தண்டவாளம் போட்டு அதோடு முடிச்சுப் போட்டது 1927இல். அதற்குப் பிறகு பஞ்சும் மிளகும் மட்டுமா போய் வந்திருக்கும்? 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். மில் வந்தால் ஷிஃப்ட் வரும். ஷிஃப்ட் வந்தால், ராத்திரி வேலை முடிந்து தூக்கமும் வராமல் வீட்டுக்குப் போகவும் மனசில்லாமல் நாலு பேர் எந்நேரமும் கிடைப்பார்கள். இருபத்தெட்டுக்கு அதுதான் தேவை. ரம்மிக்கு ரெண்டு பேர் போதும், ஆறு பேரும் ஆடலாம். இதற்கு நாலே பேர், அதிலும் ஒருத்தன் மனசு இன்னொருத்தனுக்குப் புரிகிற நாலு பேர்.

என் தாய்மாமா மில்லில் ஸ்பின்னிங்கில் இருந்தவர். ஜாக்கி இல்லாத கையை வைத்துக்கொண்டு கேள்வி கேட்பதில் அவருக்கு ஒரு வெறி. புள்ளியே இல்லாத ராஜாவும் ராணியும் துருப்புச் சாதியில் ஒரே கையில் சேர்ந்துவிட்டால் அது ஜோடி. காட்டினால் கேட்ட எண்ணிக்கையில் நாலு குறையும். பத்தொன்பது கேட்டவன் பதினைந்து எடுத்தால் ஜெயித்தான். சும்மா காட்டிவிட முடியாது. துருப்பு திறந்திருக்க வேண்டும். அதற்கப்புறம் காட்டுகிற கட்சி ஒரு பிடியாவது பிடித்திருக்க வேண்டும். ஆக, கையில் பலமில்லாதவன் முதலில் எப்படியாவது ஒரு பிடியைக் கவ்வ வேண்டும். மாமா அதை எதிரே இருக்கிறவன் தலையில் கட்டிவிடுவார். எதிரே நான் உட்கார்ந்த நாட்களில், என் ஆசு எப்போது விழ வேண்டும் என்பதை அவர் போடுகிற ஏழும் எட்டும் சொல்லும். ஜாடை கிடையாது, இருமல் கிடையாது. “மாமா, ஜாக்கி இல்லாம எப்படி மாமா பத்தொம்பது கேட்டீங்க?” என்றால், “ஜாக்கி இருந்தா எல்லாப் பயலும் கேப்பான்டா மாப்ள” என்பார்.

இதே சரக்கு இன்னும் தூரம் போயிருக்கிறது. 1860 நவம்பர் 16ஆம் தேதி ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளோடு டர்பன் துறைமுகத்தில் போய் நின்றது. கரும்புத் தோட்டத்துக்குப் போன அந்தச் சனங்களின் பேரப்பிள்ளைகள் அங்கே ‘துனி’ என்று ஓர் ஆட்டம் ஆடுகிறார்கள். எட்டையும் ஏழையும்கூடத் தள்ளிவிட்டு 24 சீட்டில் ஆடுகிற முந்நூற்றிநாலுதான் அது. ராஜா ராணி சேர்ந்தால் அங்கேயும் பெயர் ஜோடிதான். சாதாரண ஜோடிக்கு 20, துருப்பு ஜோடிக்கு 40. மாமா இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருக்கக்கூடிய ஒரு விஷயமும் அங்கே உண்டு. ‘ராயல்ஸ்’ என்று ஒருவன் அறிவித்துவிட்டால் வரிசை முழுக்கத் தலைகீழ். ராணி முதல், ஜாக்கி கடைசி. ஆறு பிடியையும் அறிவித்தவனே எடுத்தாக வேண்டும். உருப்படாத கை வந்தவனுக்கென்றே யாரோ யோசித்து வைத்த கதவு.

இனி ரம்மிக்கு வருகிறேன். எங்கள் பக்கம் ரம்மி என்றால் பதின்மூன்று சீட்டு, ரெண்டு கட்டு. ஒரு ஒரிஜினல், அதாவது ஜோக்கர் இல்லாத வரிசை, அப்புறம் ஜோக்கர் போட்டு ஒன்று, மிச்சம் செட். ஆடாமல் விலகினால் ஸ்கூட், நடுவில் விலகினால் மிடில் ஸ்கூட், மாட்டினால் ஃபுல் கவுண்ட். பஸ் கண்டக்டரிலிருந்து சீனியர் வக்கீல் வரைக்கும் இதுவே. நண்பர் ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில்தான் எனக்கு இருபத்தொரு சீட்டு ரம்மி அறிமுகம். ராஜபாளையத்தில் தெலுங்கு பேசுகிற வீடுகள் ஏராளம். அந்தக் கல்யாணத்துக்கு விஜயவாடாப் பக்கத்திலிருந்து சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். நலங்கு முடிந்து பெண்கள் படுக்கப் போனதும் பெரியவர் ஒருவர் மூன்று கட்டு கேட்டார்.

மூன்று கட்டு சேர்ப்பதே ஒரு வேலை. பின்பக்கம் மூன்றுக்கும் ஒரே அச்சாக இருக்க வேண்டும். நிறத்தில் ஒரு சாயல் மாறினாலும் எந்தக் கட்டுச் சீட்டு யாரிடம் இருக்கிறது என்று தெரிந்துபோகும். சிவகாசி கூப்பிடு தூரம்தான், காலண்டரிலிருந்து தீப்பெட்டி லேபிள் வரை அடிக்கிற ஊர். ஆனால் பெட்டிக்கடையில் வாங்கிய மலிவுக் கட்டுகளில் ஒரே நீலம் ரெண்டு நீலமாக இருந்தது. கடைசியில் பஸ் ஸ்டாண்டுக் கடையைத் தட்டி எழுப்பி, ஒரே பெட்டியிலிருந்து மூன்றை உருவிக்கொண்டு வந்தோம். அன்றைக்குக் காற்றில் ஈரம். சீட்டு ஒட்டாமலிருக்க முகப்பவுடரைத் தூவி, 156 சீட்டையும் ஜமுக்காளத்தில் பரப்பிக் கலைத்தார் பெரியவர். கையில் அடங்காத கட்டை அப்படித்தான் கலைக்க முடியும்.

இந்த ஆட்டத்தில் முறையான வழி, மூன்று ஒரிஜினல் சேர்த்துவிட்டு மிச்சத்தை ஜோக்கரோடு ஒப்பேற்றுவது. அதைவிட்டு மூன்று குறுக்கு வழிகள் உண்டு. ஒரே சாதி ஒரே எண் மூன்று சீட்டு சேர்ந்தால் டனலா. மூன்று டனலா இருந்தால் ஆட்டம் முடிந்தது. எட்டு ஜோக்கர் இருந்தாலும் முடிந்தது. மூன்றாவதுதான் எட்டு டப்ளி. ஒரே சாதி ஒரே எண் ரெண்டு சீட்டு ஒரு டப்ளி. அப்படி எட்டு சேர்ந்துவிட்டால் மிச்சம் அஞ்சு சீட்டு எந்தக் குப்பையாக இருந்தாலும் கவலையில்லை.

பெரியவர் ஆட்டின் எட்டைக் கீழே போட்டார். எனக்குக் கொண்டாட்டம், எடுத்துக்கொண்டேன். அடுத்த சுற்றில் ஆட்டின் ஒன்பது. அடுத்து ஏழு. ஒரிஜினலை அப்படியே உடைத்துப் போடுகிற மனுஷனை அதுவரைக்கும் நான் பார்த்ததில்லை. கண் தெரியவில்லையோ என்று பக்கத்திலிருந்த நண்பரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, தன் கையில் கிளாவர் ராணி வராமல் நின்றுபோன ஜாக்கியையும் ராஜாவையும் பார்த்துக்கொண்டிருந்தார். கிளாவர் ராணி மொத்தம் மூன்று. ரெண்டு பெரியவரிடம். மூன்றாவது கட்டுக்குள்ளே எங்கேயோ.

அன்றைக்குப் பிறகு நான் உட்கார்ந்து போட்ட கணக்கு இது. 156இல் 21 எடுத்தால் சராசரியாக ரெண்டரை டப்ளிதான் முதலிலேயே வரும். அஞ்சு வந்தால் யோசிக்கலாம். அஞ்சு டப்ளி, பதினொரு ஒற்றை. ஒவ்வொரு ஒற்றைக்கும் வெளியே ரெண்டு ஜோடிச் சீட்டு, ஆக 22. வெளியே இருப்பது 135. ஆறு இழுப்புக்கு ஒன்று பழுக்கும். போகப் போக ஒற்றைகள் குறையும், வாய்ப்பும் குறையும். ஏழு டப்ளி ஆனதும் கையில் ஒற்றை ஏழுதான். எட்டாவது ஜோடி கழுத்தை அறுக்கும். அதற்குள் வேறு யாராவது காட்டிவிட்டால், ஒரு ஒரிஜினல்கூட இல்லாத கை, முழு எண்ணிக்கை 120 தலையில் விழும். ஆனால் பெரியவர் செய்தது அதுமட்டும் இல்லை. மூன்றில் ரெண்டைத் தன் மடியில் கட்டிக்கொண்டு ஜமுக்காளத்தில் எல்லோருடைய வரிசையையும் அறுத்துவிட்டார். நாங்கள் எல்லாம் வராத சீட்டுக்குக் காத்திருந்தோம். அவருக்கு எந்தச் சீட்டு வந்தாலும் லாபம் என்ற நிலை. கீழே போட்டதும் பொய் சொல்லவில்லை. அதைப் படிக்கத்தான் எங்களுக்குத் தெரியவில்லை. ஹிதயத்துல்லா சொன்ன ஞாபகம், வைப்பது, போடுவது மூன்றும் அங்கே இருந்தன, பாடப்புத்தகத்துக்கு நேர் எதிராக.

செல்போனில் ரம்மி வந்த கதை எல்லோருக்கும் தெரியும். பணம் போய், உயிரும் போய், 2022இல் நீதிபதி சந்துரு தலைமையில் குழு போடுகிற அளவுக்கு வந்தது. 2021இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தத்தை அதே வருஷம் ஆகஸ்ட் 3ஆம் தேதி ஐகோர்ட் ரத்து செய்தது, ரம்மி திறமையாட்டம் என்று அதே 1967 தீர்ப்பைக் காட்டி. மறுபடி சட்டம், கவர்னர் திருப்பி அனுப்பினார், சட்டசபை மறுபடி நிறைவேற்றியது, 2023 நவம்பரில் ரம்மிக்கும் போக்கருக்கும் அது செல்லாது என்றது ஐகோர்ட். 2025 ஆகஸ்டில் மத்திய சர்க்கார் திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே தூக்கிக் கடாசிவிட்டு, காசு வைத்து ஆன்லைனில் ஆடும் எதுவும் கூடாது என்று சட்டம் போட்டது. சட்டத்தோடு எனக்குச் சண்டையில்லை. அந்தப் பணத்தில் மண்ணாய்ப் போன குடும்பங்களை எங்கள் ஆபீஸ் பெஞ்சிலேயே பார்த்திருக்கிறேன். ஒன்று மட்டும் சொல்வேன். அந்தத் திரையில் இதுவரை விழுந்த சீட்டையெல்லாம் ஒரு பட்டனைத் தட்டினால் வரிசையாகக் காட்டுமாம். 1967இல் எந்த ஞாபகத்துக்காக ரம்மியை விட்டார்களோ, அந்த ஞாபகத்தை மெஷின் எடுத்துக்கொண்டது. கோர்ட்டில் யாராவது இதைச் சொல்லியிருக்கலாம்.

பெரியவரோடு ஒரு தகராறு மட்டும் தீரவில்லை. எட்டாவது டப்ளிக்கு அவர் காட்டியது ஒரு டைமண் நாலும், ஜோடிக்கு ஒரு கட்ஜோக்கரும். ஜோக்கர் செட்டுக்குத்தான் ஒட்டுப்போடும், டப்ளிக்கு ஒட்டாது என்று நான் நின்றேன். எங்கள் ஊரில் ஒட்டும் என்று அவர் நின்றார். முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது என்று யாரோ வந்து ஜமுக்காளத்தை உருவிவிட்டார்கள். நண்பர் வீட்டில் அடுத்த விசேஷம் காதுகுத்து; விஜயவாடாக்காரர்கள் வருகிறார்கள். வேறு ஊர்களில் ஆடுகிற ரெண்டு மூன்று பேரிடம் விசாரித்து வைத்திருக்கிறேன். ஒட்டாது.