மேட்டூர் மீனும் நூத்தி இருபது அடியும்

காலையில பால் கறந்து சொசைட்டியில ஊத்திட்டு டீக்கடையில உட்கார்ந்து பேப்பரைப் பிரிச்சா, என் கண்ணு முதல்ல போறது ஒரு சின்னக் கட்டத்துக்குத்தான். மேட்டூர் அணை நீர்மட்டம். இத்தனை அடி, வரத்து இத்தனை கன அடி, திறப்பு இத்தனை கன அடி. இத்தனைக்கும் என் காட்டுக்கு மேட்டூர் வாய்க்கால்ல இருந்து ஒரு சொட்டுத் தண்ணி பாயாது. ஆட்டையாம்பட்டிச் சுத்துவட்டாரத்துல எங்களுக்குக் கிணறு, போர், வானம், அவ்வளவுதான். ஆனாலும் அப்பா பார்த்தார், நானும் பார்க்கிறேன். 120 என்றால் மனசு குளிரும். 40 என்றால் யாரோ சொந்தக்காரர் ஆஸ்பத்திரியில் கிடக்கிற மாதிரி இருக்கும்.

அந்த நம்பரை வேற மாதிரிப் படிக்கிற ஆட்களும் இருக்காங்க என்று 2017 கோடையில்தான் எனக்குத் தெரிந்தது.

எங்க பெரிய அத்தையைக் கொளத்தூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கு. அந்த வருசம் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தப்போ மாமா, "வா மாப்ள, எங்க பாட்டன் ஊரைக் காட்டறேன்" என்று பண்ணவாடிக்குக் கூட்டிப் போனார். நீர்மட்டம் முப்பது அடிக்கும் கீழே இறங்கியிருந்த நேரம். எப்பவும் கடல் மாதிரி கிடக்கிற இடம் வெடிப்பு விட்ட மண்ணாகக் கிடந்தது. ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி முழுசா வெளியே உட்கார்ந்திருந்தது. எட்டத்தில் பழைய கிறிஸ்தவக் கோயிலின் இரட்டைக் கோபுரம். மாமா ஒரு மேட்டைக் காட்டி, "அங்கதான் எங்க களம்" என்றார். அவர் அந்தக் களத்தில் நெல்லோ கம்போ அடித்ததில்லை. அவர் அப்பாவே சின்னப் பையனாகப் பார்த்ததுதான்.

கதை 1924ல் தொடங்குது. அந்த வருசம் பிப்ரவரியில் மைசூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் காவிரி ஒப்பந்தம் கையெழுத்தானது. ஜூலையில் காவிரியில் வந்த வெள்ளம் டெல்டாவையே புரட்டிப் போட்டது. அணை வேணும் என்ற பேச்சு அதற்கு முன்பே பல வருசமாக ஓடிக்கொண்டிருந்தாலும், அதன் பிறகு தள்ளிப் போட முடியவில்லை. 1925 ஜூலை 20ல் வேலை ஆரம்பம். கர்னல் எல்லிஸ் என்ற இன்ஜினியரின் திட்டம். உபரி நீர் போகிற பதினாறு கண் பாலத்துப் பக்கத்துக்கு இன்னைக்கும் எல்லிஸ் பேர்தான். 1934 ஆகஸ்ட் 21ல் கவர்னர் ஸ்டான்லி திறந்து வைத்தார். அதனால்தான் ஸ்டான்லி நீர்த்தேக்கம். அணை நீளம் 5,300 அடி, உயரம் 214 அடி, தண்ணி தேக்குவது 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. ஏரி நிரம்பினால் சுமார் 150 சதுர கிலோமீட்டர் தண்ணிதான்.

அந்த 150 சதுர கிலோமீட்டரும் அதுக்கு முன்னாடி வயலும் ஊரும் சந்தையும். நாயம்பாடி, சாம்பள்ளி, பழைய பண்ணவாடி, பழைய காவேரிபுரம் என்று பல ஊர்கள் உள்ளே போச்சு. ஜனங்க மேட்டுப் பக்கம் ஏறிப் போய் அதே பேரில் புது ஊர் வைத்துக்கொண்டார்கள். மாமா வீட்டில் சொல்லும் கணக்கு சுருக்கமானது: நிலத்துக்குப் பணம் வந்தது, பணம் சீக்கிரம் கரைந்தது. மேட்டுக்காடு கிடைத்தவர்கள் சோளம், கம்பு போட்டார்கள். கிடைக்காதவர்களில் சிலர் மூங்கில் பின்னித் தார் பூசின பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, தங்கள் ஊர் மேலேயே மீன் பிடிக்க இறங்கினார்கள். தாத்தன் ஏர் ஓட்டின இடத்துக்கு மேலே பேரன் வலை விரித்தான்.

மீன்களுக்கும் அதே மாதிரி ஒரு இடப்பெயர்ச்சி நடந்தது. அதைப் பத்தி யாரும் அதிகம் பேசறதில்லை.

அணை வருமுன் காவிரி ஓடுற ஆறு. ஓடுற தண்ணி மீன்கள் அதில் இருந்தன: கருமுழிக் கெண்டை, வெண்கெண்டை, சேல் கெண்டை, கோழிமீன், வாளை, கெளுத்தி. கெண்டை வகைகளில் பலதும் புதுவெள்ளம் வந்தால் அதை எதிர்த்து மேலே ஏறிப் போய் முட்டை விடும். கடலில் இருந்து உல்லம் மீன் ஆடி வெள்ளத்தில் ஆற்றுக்குள் ஏறி வரும். வங்காளத்துக்காரர்கள் உயிரை விடுகிற ஹில்சாதான் நம்ம உல்லம். உல்லத்துக்கு முதல் தடை மேட்டூர் இல்லை. 1836ல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் கட்டிய மேலணையும் கீழணையும்தான். அணைகள் மீனின் வழியை மறிக்கிறது என்று பிரான்சிஸ் டே என்ற ராணுவ டாக்டர் 1870களிலேயே வெள்ளைக்கார சர்க்காருக்கு அறிக்கை எழுதினார். ஆனாலும் மேட்டூரில் மீன் ஏறிப் போக ஒரு ஏணி வைக்கவில்லை. ஆடி வெள்ளமே அணைக்குள் நின்றுவிட்ட பிறகு, கீழே உல்லம் பிடிப்பு சரிந்துபோச்சு.

அணைக்கு மேலே மாட்டின மீன்களுக்கு வேற சிக்கல். ஓடுற தண்ணிக்குப் பழகினது, நிக்கிற தண்ணியில் சிக்கிடுச்சு. ஒகேனக்கல் பக்கம் வெள்ளம் ஓடுற இடம் இருக்கிறவரைக்கும் கொஞ்சம் தாக்குப்பிடித்தன. பிறகு வருசத்துக்கு வருசம் குறைந்தன. பரிசலில் பிறந்து வளர்ந்த வயசானவர்களிடம் கருமுழி என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்.

காலியான இடத்தை நிரப்ப சர்க்கார் மீன் விட்டது. சென்னை மாகாணத்தில் மீன்வளத் துறை 1907லேயே வந்தாச்சு. அதை ஆரம்பித்தவர் பிரடெரிக் நிக்கல்சன். கூட்டுறவுக் கடன் சங்கம் வேணும் என்று 1890களில் பெரிய அறிக்கை எழுதினவரும் இதே ஆள்தான். நான் காலையில் சொசைட்டியில் பால் ஊத்துவதற்கும், மேட்டூரில் ஒருத்தர் கட்லா பிடிப்பதற்கும் மூலத்தில் ஒரே ஆளின் கை இருக்குது என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

கட்லா, ரோகு, மிருகால் மூணும் நம்ம காவிரி மீன் இல்லை, வடக்கத்தி ஆறுகளில் இருந்து வந்தது. நல்லா வளரும், நல்ல விலை போகும். ஒரே குறை, தேங்கின தண்ணியில் முட்டை வைக்காது. ஆற்றில் முட்டையும் குஞ்சும் அள்ளிக்கொண்டு வந்து விட்டால்தான் உண்டு. 1957 ஜூலை 10ல் ஒடிசாவில் ஹீராலால் சவுத்ரி என்ற விஞ்ஞானி, மீனின் மூளையடிச் சுரப்பியை எடுத்து ஊசி போட்டுக் கெண்டையை முட்டை இட வைத்துக் காட்டினார். அதனால்தான் இன்னைக்கும் ஜூலை 10 தேசிய மீன் விவசாயிகள் தினம். அதுக்கப்புறம் மீன் குஞ்சு பண்ணையில் விளையும் பொருளாச்சு. மேட்டூர் அணையடியிலும் அரசு மீன் பண்ணை இருக்குது. அங்கே வளர்த்த குஞ்சைத்தான் ஏரியில் விடுகிறார்கள். நாம நாத்து விட்டு நடுவு நடுகிற மாதிரிதான்.

ஆனால் யாரும் நட வேண்டாமல் தானே முளைத்த களை ஒன்று உண்டு. அது ஜிலேபிக் கெண்டை. ஆப்பிரிக்க மீன், 1952ல் இந்தியாவுக்குள் கொண்டு வந்தார்கள். இந்த மீனும் ஏரியின் ஏற்ற இறக்கமும் சேர்கிற இடம்தான் விஷயமே.

அமெரிக்காவில் அணை ஏரிகளில் பாஸ் என்று ஒரு மீனைத் தூண்டிலில் பிடிப்பது பெரிய விளையாட்டாம். அந்த மீன் கரையோரம் ஆழமில்லாத இடத்தில் தரையைக் குழிபறித்து முட்டை வைக்கும், ஆண் மீன் காவல் நிற்கும். அந்த நேரம் பார்த்துத் தண்ணியைத் திறந்து மட்டத்தை இறக்கினால் கூடு காய்ந்துபோகும், அந்த வருசக் குஞ்சு போச்சு. அதனால் முட்டை வைக்கிற பருவத்தில் மட்டத்தை நிலையா வை என்று அங்கே தூண்டில்காரர்கள் கேட்பார்கள். ஜிலேபிக்கும் குழி பறிக்கிற பழக்கம் உண்டு. ஆனால் முட்டையைக் குழியில் விட்டு வைக்காது. பொட்டை மீன் முட்டையை வாயில் அள்ளிக்கொண்டு போயிடும், வாய்க்குள்ளேயே குஞ்சு பொரிக்கும். தண்ணி இறங்கினால் தாயும் இறங்கும், முட்டையும் கூடவே இறங்கும். ஒரு அடி ஏறி ஒரு அடி இறங்கிக்கொண்டே இருக்கிற மேட்டூருக்கு இதைவிடத் தோதான மீன் உண்டா? வீட்டைத் தலையில் சுமந்து போகிறவனை வெள்ளம் என்ன செய்யும்?

பண்ணவாடிக் கரையில் அன்னைக்கு ஒரு மீனவர் வலையை உதறிக்கொண்டிருந்தார். அறுபது வயசு இருக்கும். நான் டவுன்காரன் மாதிரி, "தண்ணி இப்படி வத்திப் போச்சே, உங்களுக்கெல்லாம் கஷ்டந்தானுங்க" என்றேன். சிரித்தார்.

"ஏனுங்க, தண்ணி கொறைய ஆரம்பிச்சா எங்களுக்கு மொதல்ல நல்ல காலந்தான். ஏரி சுருங்கும், மீனு ஒரே பக்கம் சேரும், வலையில எடை இருக்கும். நூத்தி இருபது நின்னுச்சுன்னா மீனு எங்க கெடக்குதுன்னே தெரியாது. ஆனா இந்த மாதிரி ஒரேயடியா எறங்குச்சுன்னா அடுத்த வருசத்துக்கு வெதை இருக்காதுங்க. இருக்கறதையெல்லாம் வழிச்சுத் தின்னுபோட்டோம்."

எனக்கு அது வெதைநெல்லைக் குத்தித் தின்கிற கதையாகத்தான் கேட்டது. பஞ்சத்தில் எந்தக் குடியானவனும் அதைச் செய்யக் கூடாது, ஆனால் வயிறு கேட்காது.

அவர் சொன்ன இன்னொண்ணு, தண்ணி ஏறுவதைப் பத்தி. ஏறும்போது காய்ந்து கிடந்த கரை முங்கும். அங்கே முளைத்த புல்லு, நாங்கள் கம்பும் எள்ளும் அறுத்துவிட்டுப் போன தட்டு, மாட்டுச் சாணி எல்லாம் அழுகிப் பூச்சி புழு கிளம்பும், குஞ்சுக்குத் தீனி. அதனால் ஏற்ற இறக்கமே இல்லாத ஏரியும் நல்லதில்லை. "எறங்கோணும், ஏறோணும். மொல்ல எறங்கி மொல்ல ஏறோணும்" என்றார். காடும் அப்படித்தான். ஒரு போகம் காயப் போட்டால்தான் மண்ணுக்கு மூச்சு.

ஆனால் மேட்டூரில் மெல்ல என்பது இல்லாமல் போய்க்கொண்டிருக்கு. ஜூன் 12ல் குறுவைக்குத் திறக்க வேண்டும் என்பது டெல்டாவின் நாள்கணக்கு. மேலே கபினியும் கிருஷ்ணராஜசாகரும் நிரம்பி வழிந்தால்தான் இங்கே வரத்து. 2013ல் நிரம்பின அணை மறுபடி நிரம்ப 2018 ஜூலை ஆச்சு. 2023 அக்டோபரில் முப்பது அடி சொச்சத்துக்குப் போனது. 2024 ஜூலை தொடக்கத்தில் நாற்பது அடிப் பக்கம் கிடந்தது, அதே ஜூலை 30ல் 120. ஒரே மாசத்தில் எண்பது அடி! நாங்கள் டீக்கடையில் கை தட்டினோம். மாமா போனில், "விதைச்ச எள்ளு முங்கிருச்சு மாப்ள" என்றார். அவர் குரலில் வருத்தமும் இருந்தது, சந்தோஷமும் இருந்தது. எது அதிகம் என்று எனக்குப் பிடிபடவில்லை.

இதையெல்லாம் எழுதும்போது எங்க ஊர்ப் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஆட்டையாம்பட்டியை ஒட்டிப் போகிற திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில் பிறந்து, சேலத்தைத் தாண்டி, நன்செய் இடையாறு கிட்டக் காவிரியில் சேருது. அதில் கெளுத்தியும் கெண்டையும் வேட்டியில் அள்ளினதாக அப்பா சொல்வார். நான் பார்த்த ஆற்றில் சாயமும் சாக்கடையும் நுரையும்தான். இந்தப் பக்கம் பனமரத்துப்பட்டி ஏரி, 2,000 ஏக்கருக்கு மேல். சேலத்துக்குக் குடிதண்ணிக்காக 1911ல் உண்டாக்கினது. வருசக்கணக்கா வறண்டு, சீமைக்கருவேலங் காடாகக் கிடந்தது. அங்கே மீன் கதையே கிடையாது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மேட்டூரில் ஏற்ற இறக்கம் என்று அந்த மீனவர் புலம்புவதற்காவது ஒரு தண்ணி இருக்குது. அதையும் நினைத்துக்கொண்டேன்.

அன்னைக்குச் சாயங்காலம் அத்தை ஜிலேபிக் கெண்டைக் குழம்பு வைத்தார். ஒரு வார்த்தை சொல்லணும், களை என்று திட்டினேனே, ருசியாகத்தான் இருந்தது. "கருமுழி தின்ன நாக்குக்கு இது ஆகாதுன்னு எங்க மாமனார் சொல்லுவாரு" என்று அத்தை சொன்னார். நான் கருமுழியைக் கண்ணால் கூடப் பார்த்ததில்லை. அதனால் எனக்கு ஒப்பிட ஒன்றும் இல்லை. என் மகனுக்கு நாளைக்கு ஜிலேபிதான் காவிரி மீன். அவனைக் குறை சொல்ல முடியாது.

இப்பவும் காலையில் அந்தக் கட்டத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். 120 என்றால் சந்தோஷம் வருது. கூடவே நந்தி முழுகிடுச்சு, மாமா வீட்டுக் களம் முழுகிடுச்சு, வலை வெறுமனே வரும் என்றும் தோணுது. முப்பது என்றால் பயம் வருது. கூடவே இன்னைக்குப் பரிசலில் எடை இருக்கும், அடுத்த வருசம் இருக்காது என்றும் தோணுது. ஒரே நம்பர்தான். அதுக்குப் பின்னால் டெல்டாவில் ஒருத்தன் நாற்றுவிட நிற்கிறான், பண்ணவாடியில் ஒருத்தர் வலையை உதறிக்கொண்டு நிற்கிறார். ரெண்டு பேரும் சம்சாரிதான். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, என் கிணத்துல எத்தனை படி தண்ணி இருக்குதுன்னு எட்டிப் பார்க்கப் போகிறேன்.