உரிய விலை: ஒரு சிறு வரலாறு

தேக்காவில் சமையலறைக் கைத்துண்டு, மேசைவிரிப்பு வாங்கும்போது விலை கேட்கிறோம். தைத்தவங்களுக்கு என்ன கிடைச்சதுன்னு கேட்டதுண்டா?

அக்கேள்விக்கும் வரலாறு உண்டு. 1946-இல் புவேர்ட்டோ ரிக்கோ சென்ற அமெரிக்கப் பெண்மணி எட்னா ரூத் பைலர், அழகாகப் பூத்தையல் போடும் பெண்கள் வறுமையில் வாடுவதைக் கண்டார். அத்துணிகளை வாங்கி வந்து, காரில் வைத்தே விற்றார். நியாய வணிகத்தின் தொடக்கங்களுள் இதுவும் ஒன்று.

1972-இல் அகமதாபாத்தில் இலா பட் 'சேவா' சங்கத்தைத் தொடங்கினார். வீட்டிலிருந்தே துணி தைத்த பெண்களும் அதில் திரண்டு, நியாயமான கூலி கேட்டார்கள்.

வித்தியாசம் புரியுதா? பைலர் தேடித் தந்தது சந்தை. சேவா தந்தது பேரம்பேசும் பலம். இரண்டுமே வேண்டும்.

ஆகவே மாணவர்களே, கட்டுரையை 'ஏழைப் பெண்களுக்கு உதவி' என்று முடிச்சிடாதீங்க. 'உழைப்புக்கு உரிய விலை' என்று எழுதுங்கள்.