செவெரோ-குரில்ஸ்க்: மேட்டுக்கு ஏறிய ஊர்

ரஷ்யா என்றதும் நம் வயதுக்காரர்களுக்கு மாஸ்கோவும் லெனின்கிராடும்தான் முதலில் நினைவுக்கு வரும். என் இளமையில் 'சோவியத் நாடு' இதழ் எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. படித்து முடித்ததும் அந்த வழவழப்பான தாள்கள் பள்ளி நோட்டுகளுக்கு அட்டையாகிவிடும். டிராக்டர்கள், அணைக்கட்டுகள், பாலே நடனம், விண்வெளி வீரர்கள் என்று எவ்வளவோ பார்த்திருக்கிறேன். செவெரோ-குரில்ஸ்க் என்ற ஊரின் பெயரை மட்டும் பார்த்ததாக நினைவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஜப்பானின் ஹொக்கைடோவிலிருந்து ரஷ்யாவின் கம்சாட்கா தீபகற்பம் வரை மணி கோத்தாற்போல் நீளுகிற தீவுகள்தான் குரில் தீவுகள். அந்த மாலையின் வடகோடியில் பரமுஷிர் என்று ஒரு தீவு. நீளம் சுமார் 100 கிலோமீட்டர். அவ்வளவு பெரிய தீவில் இன்றைக்கு இருக்கிற ஒரே ஊர் செவெரோ-குரில்ஸ்க். மக்கள் தொகை இரண்டரை ஆயிரம் சொச்சம். கம்சாட்காவிலிருந்து கப்பலிலோ ஹெலிகாப்டரிலோதான் போக வேண்டும். மூடுபனியோ புயலோ வந்துவிட்டால் அதுவும் கிடையாது, நாள்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான்.

ஊருக்கு மேற்கே ஏழு கிலோமீட்டரில் எபெக்கோ என்ற எரிமலை. அது அடிக்கடி சாம்பலைக் கக்கும். காற்று இந்தப் பக்கம் அடித்தால் தெரு, கூரை எல்லாம் சாம்பல் படியும், கந்தக நெடி மூக்கைத் துளைக்கும். இத்தனைக்கும் நடுவில் அங்கே மக்கள் ஏன் இருக்கிறார்கள் என்றால், ஒரே பதில் மீன். சால்மன், அதன் முட்டை, பொல்லாக், நண்டு. உலகின் வளமான மீன்பிடிக் கடல்களில் அதுவும் ஒன்று.

இந்தத் தீவின் பழைய குடிகள் ஐனு மக்கள். 1711-இல் கம்சாட்காவிலிருந்து ரஷ்யக் கொசாக்குகள் இந்தப் பக்கம் வந்தார்கள். 1875-இல் ரஷ்யாவும் ஜப்பானும் ஓர் ஒப்பந்தம் போட்டு, சகாலின் தீவு ரஷ்யாவுக்கு, குரில் தீவுகள் ஜப்பானுக்கு என்று பிரித்துக்கொண்டன. ஐனு மக்களை யாரும் கேட்கவில்லை. 1884-இல் ஜப்பான் அரசு வடகுரில் ஐனுக்களைத் தெற்கே வெகு தொலைவில் உள்ள ஷிகோடான் தீவில் கொண்டுபோய்க் குடியேற்றியது. அவர்களின் வழி அதோடு தேய்ந்துபோயிற்று.

ஜப்பானியர் காலத்தில் இந்த ஊரின் பெயர் காஷிவாபாரா. இரண்டாம் உலகப் போரில் பெரிய படைத்தளமானது. குறுகிய ஜலசந்திக்கு அக்கரையில் இருக்கும் ஷும்ஷு தீவில் 1945 ஆகஸ்ட் 18 அன்று சோவியத் படைகள் இறங்கின. போர் முடிந்தது என்று ஜப்பான் சக்கரவர்த்தி வானொலியில் அறிவித்து மூன்று நாள் கழித்து நடந்த சண்டை அது. துருப்பிடித்த டாங்கிகள் இன்றும் ஷும்ஷுவில் கிடக்கின்றன.

பிறகு ஜப்பானியர்கள் தாய்நாட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். சோவியத் நாட்டின் உள்பகுதிகளிலிருந்து, கூடுதல் சம்பளத்துக்காகப் புதியவர்கள் வந்தார்கள். வயலும் காடும் பார்த்து வளர்ந்தவர்கள், ஜப்பானியர் விட்டுச்சென்ற கரையோர ஊரிலேயே குடும்பத்தோடு குடியேறினார்கள். கடல் இப்படியும் பொங்கி வரும் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

1952 நவம்பர் 5, விடியற்காலை நான்கு மணி வாக்கில் பூமி குலுங்கியது. அதன் அளவு 9 என்று இன்று கணிக்கிறார்கள். 2004 டிசம்பரில் நாம் பார்த்தோமே, அந்தச் சுமத்ரா நிலநடுக்கத்தோடு ஒரே வரிசையில் வைக்கத் தக்கது. பயந்து வெளியே ஓடிவந்தவர்கள், ஆட்டம் நின்றதும் குளிர் தாங்காமல் வீட்டுக்குள் போய்விட்டார்கள். முக்கால் மணி நேரத்தில் முதல் அலை வந்தது. கூச்சல் கேட்டுப் பலர் மலைச்சரிவில் ஏறித் தப்பினார்கள்.

கொடுமை இனிமேல்தான். தண்ணீர் வடிந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்து, உடுத்த துணி எடுக்க, பெட்டி எடுக்க, விட்டுப்போன உறவினரைத் தேட, பலர் கீழே இறங்கினார்கள். கால் மணி, இருபது நிமிடத்தில் இரண்டாவது அலை வந்தது. பத்து மீட்டருக்கும் மேல் உயரம். ஊர் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. மூன்றாவது அலை சிறியது. அது சிதைந்ததை வாரிக்கொண்டு போயிற்று.

சுமார் ஆறாயிரம் பேர் இருந்த ஊர். அந்தக் கரையோரங்களில் இறந்தவர்கள் 2,336 பேர் என்பது பிற்காலத்தில் வெளிவந்த கணக்கு. படைவீரர்களைச் சேர்த்தால் இன்னும் கூடும் என்பவர்களும் உண்டு. பசிபிக் கடலைத் தாண்டி ஹவாய்த் தீவுகளையும் அதே அலை தொட்டது. அங்கே எச்சரிக்கை நிலையம் இருந்ததால் மனித உயிர் ஒன்றும் போகவில்லை. ஆறு பசுக்கள் இறந்தன என்று பதிவாகியிருக்கிறது. அந்தப் பசுக்களின் கணக்கு உலகத்துக்குக் கிடைத்தது. பரமுஷிரில் இறந்த மனிதர்களின் கணக்கு கிடைக்கவில்லை.

காரணம், ஸ்டாலின் காலம். பனிப்போர். அது படைத்தளம் இருந்த எல்லைப் பகுதி. இரண்டே நாளில் புரட்சி தினக் கொண்டாட்டம். சோவியத் பத்திரிகைகள் ஒரு வரிகூடப் போடவில்லை. சோவியத் ஒன்றியம் கலையும் காலம்வரை விவரங்கள் ஆவணக் காப்பகங்களில்தான் இருந்தன. நம் வீட்டுக்கு வந்த வழவழப்பான தாளில் இந்த ஊர் எப்படி வந்திருக்கும்?

ஒன்றைச் சொல்ல வேண்டும். வெளியில் மறைத்தார்களே தவிர, பாடத்தை மறக்கவில்லை. அதன் பிறகு சில ஆண்டுகளில் சோவியத் அரசு சுனாமி எச்சரிக்கைப் பணியைத் தொடங்கியது. ஊரையும் பழைய இடத்தில் கட்டாமல் மேட்டில் கட்டினார்கள். துறைமுகத்தையும் மீன் ஆலையையும் மேட்டுக்குக் கொண்டுபோக முடியாதல்லவா? அவை மட்டும் கீழேயே இருந்தன. காலையில் வேலைக்கு இறங்குவது, மாலையில் வீட்டுக்கு ஏறுவது என்று ஆயிற்று அந்த ஊர் வாழ்க்கை.

அந்த ஏற்பாட்டுக்குச் சோதனை 2025 ஜூலை 30 அன்று வந்தது. கம்சாட்காவுக்கு அருகே 8.8 அளவில் நிலநடுக்கம். ஊரில் அப்போது காலை பத்தரை மணி. மக்கள் இன்னும் உயரமான இடங்களுக்கு ஏறிவிட்டார்கள். கடல் வந்தது, ஒருமுறை அல்ல, அலை அலையாக. துறைமுகம் மூழ்கியது, மீன் ஆலைக்குள் தண்ணீர் புகுந்தது, கட்டிவைத்த படகுகள் மிதந்துபோயின. அந்தப் படங்களை நானும் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஊரில் ஒரு உயிர்கூடப் போகவில்லை.

பேரப்பிள்ளைகள் கடற்கரைக்குப் போகும்போது நீங்களும் ஒன்று சொல்லி வையுங்கள். பூமி பலமாக ஆடினால் மேட்டுக்கு ஓடு. தண்ணீர் வந்து வடிந்தாலும் இறங்காதே. செருப்பு, செல்போன், பை எது கிடந்தாலும் கிடக்கட்டும். இறங்கலாம் என்று அதிகாரிகள் சொன்ன பிறகு இறங்கினால் போதும். 1952-இல் அந்த ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை.