கணக்கு மாத்திரை

ஓரிடத்தில் அமராது, எடுத்த வேலையை முடிக்காது அலையும் பிள்ளையை அடங்காப்பிள்ளை என்றே உலகம் நெடுங்காலம் ஒறுத்து வந்தது. அது கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் சேர்ந்ததொரு கோளாறாகலாம் என்பது இன்றைய மருத்துவத் தெளிவு. அதற்கு மருந்து கண்ட வரலாறு வியப்புக்குரியது.

அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில், நரம்புக் கோளாறும் நடத்தைக் கோளாறும் உடைய சிறார்க்கென 1931இல் பிராட்லி இல்லம் திறக்கப்பெற்றது. மூளையைப் படம்பிடிக்க முதுகுத்தண்டு நீரை எடுத்தமையால் ஆங்குச் சிறார்க்குத் தலைவலி கண்டது. அதைத் தணிக்கக் கருதி மருத்துவர் சார்லசு பிராட்லி, பென்செட்ரின் என்னும் ஊக்கமருந்தைக் கொடுத்தார். தலைவலி பெரிதும் தணியவில்லை. படிப்பிலோ சிலர்க்கு ஆர்வம் பிறந்தது. பின்னர் 30 சிறார்க்கு ஒரு வாரம் கொடுத்து ஆராய்ந்தார். அவருள் 14 பேர் பாடங்களில் பெரிதும் முன்னேறினர். இதனை அவர் 1937இல் வெளியிட்டார். சிறார் அம்மருந்துக்கு இட்ட பெயர் ‘கணக்கு மாத்திரை’. ஆயினும், மருந்து நின்றதும் பயனும் நின்றது.

சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் 1944இல் பனிசோன் என்பார் மெதில்பெனிடேட்டை ஆக்கினார். அவர்தம் மனைவியின் பெயரைத் தழுவி அது ரிட்டலின் எனப்பட்டது.

இம்மருந்துகள் மூளையில் கவனத்தை ஆளும் பகுதிகளுக்குத் துணைபுரிகின்றன. ஆனால் பசி குன்றும், உறக்கம் கெடும், நாடித்துடிப்பு மிகும், வளர்ச்சியும் சற்றுத் தளரலாம். தவறாகப் பயன்படுத்துவோர்க்கு அடிமைத்தனமும் நேரும். எனவேதான் 1971ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை இவற்றைக் கட்டுக்குள் வைத்தது.

மருத்துவர் அளந்து கொடுத்து, எடையும் உயரமும் நாடியும் பார்த்துவரின் மருந்து நன்மை தரும். அது பிள்ளையை இருக்கையில் அமர்த்தும். கணக்கைக் கற்பிப்பதோ என்றும் ஆசிரியர் கடனே.